தலை நசுங்கிய ஸ்பாட்டர்

புதிதாக வேலைக்கு வரும் உயிரியல் ஆசிரியர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாடத்திட்டம், தேர்வு முறை பற்றியெல்லாம் எழுத இப்போது எனக்குத் தெம்பு இல்லை. ஆய்வகத்தில் இருக்கும் ஒரு பாட்டிலைப் பற்றி எழுதுகிறேன். அதைப் பற்றி எழுதினாலே மற்றது எல்லாம் அதில் வந்துவிடும்.

1. டேங்க்குக்கு உயிர் இருக்கிறதா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆவடியில் ராணுவ டேங்க் செய்யும் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸை ஒட்டிய ஒரு மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். என் கணவர் அந்தத் தொழிற்சாலையில் மெஷின் ஷாப்பில் இருந்தார். பள்ளியில் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் பக்கத்து ஊர்களில் இருந்து வருபவர்கள்.

முதல் நாள் ப்ளஸ் ஒன் வகுப்பு. முதல் பாடம், உயிர் என்றால் என்ன. கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். அசைதல், சுவாசித்தல், உணவு கொள்ளுதல், வளர்தல், தூண்டலுக்குப் பதில் தருதல், இனப்பெருக்கம். எழுதி முடித்துத் திரும்பினால் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து நின்றான்.

"டீச்சர், டேங்க்கும் அசையுது. டீசல் குடிக்குது, புகை விடுது. சுட்டா திருப்பிச் சுடுது. அதுக்கு உயிர் இருக்கா?"

"அது குட்டி போடுமா?" என்றேன்.

"ஃபேக்டரில மாசாமாசம் போடுதே டீச்சர். எங்கப்பாதான் பிரசவம் பாக்குறாரு."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு, தன்னைப் போல இன்னொன்றைத் தானே உண்டாக்க வேண்டும், இந்தப் பண்புகள் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் அதை உயிர் என்று சொல்ல மாட்டோம் என்று விளக்கினேன். பையன் திருப்தியாக உட்கார்ந்தான். எனக்கும் திருப்திதான். அந்தப் பையன் பெயர் பாபு. எங்கள் பக்கத்து பிளாக்கில் குடியிருந்தவன். அவன் இந்தக் கதையில் மறுபடி வருவான்.

2. மூடி உடைந்த பாட்டில்

ப்ளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டர் என்று ஒன்று உண்டு. மேசையில் வரிசையாகப் பாட்டில்களும் ஸ்லைடுகளும் வைத்திருப்போம். மாணவர் ஒவ்வொன்றின் முன்னால் போய் நின்று பார்த்து, இது என்ன என்று இனங்கண்டு, எதை வைத்துச் சொல்கிறோம் என்று காரணம் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த பாட்டிலுக்கு நகர வேண்டும். ஃபார்மலின் நெடியில் கண் எரியும்.

எங்கள் ஆய்வக அட்டெண்டர் முனுசாமி அண்ணன். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் சொந்த ஊர். கொஞ்சம் நிலமும் இருந்தது. உழவு நாளில் லீவு போடுவார், மற்ற நாளில் பாட்டில் துடைப்பார். முதல் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் நான் பாட்டில்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் பதறிவிட்டார்.

"இன்னா டீச்சர் பண்றீங்க? பசங்க பெயிலாயிடுவான்."

"ஏன்? பாட்டில் அதேதானே, இடம்தானே மாறுது."

"இடத்த மாத்துனா கூட பரவால்ல. மூடிய மாத்தாதீங்க. மூடி ஒடைஞ்சது கட்டுவிரியன். மஞ்ச மூடி நல்ல பாம்பு. லேபிள் பாதி கிய்ஞ்சி கீது பாரு, அது பச்சோந்தி. எல்லாம் நான் சொல்லிக் குட்துதான் எய்துறான்."

மாணவர்கள் பாட்டிலுக்குள் பார்ப்பதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பார்த்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. ஃபார்மலினில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த உடல் நிறம் இழந்துவிடும். எங்கள் கட்டுவிரியன் வெளிறிய மஞ்சளாக, சேமியா நிறத்தில், தலையைச் சுருளுக்குள் மறைத்துக்கொண்டு கிடந்தது. உயிரோடு இருக்கும் கட்டுவிரியன் பளபளக்கும் கருப்பு, குறுக்கே மெல்லிய வெள்ளைப் பட்டைகள். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே பாம்பு என்று சொல்ல முடியாது.

நான் மூடிகளை மாற்றினேன். முனுசாமி அண்ணன் இரண்டு நாளில் புது அடையாளம் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். நான் மறுபடி மாற்றினேன். ஆண்டுதோறும் இப்படியே நடந்தது. எங்களுக்குள் அது ஒரு விளையாட்டு போல ஆகிவிட்டது. பாபு ப்ளஸ் டூ முடித்தபோது செய்முறையில் முழு மதிப்பெண். அதன் பிறகு தொழிற்சாலையிலேயே அப்ரண்டிஸாகச் சேர்ந்தான்.

வகைப்பாட்டியல் நடத்தும்போது குவார்ட்டர்ஸையே உதாரணமாகச் சொல்வேன். அங்கே தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். ஒரே பாம்பைத் திருநெல்வேலிக்காரர் ஒரு பெயரால் சொல்வார், சேலத்துக்காரர் வேறு பெயரால் சொல்வார். வேறு வேறு பாம்புகளை ஒரே பெயரால் சொல்பவர்களும் உண்டு. இந்தக் குழப்பம் தீரத்தான் உலகம் முழுக்க ஒரே பெயர், பேரினம் முன்னால், சிற்றினம் பின்னால் என்று ஏற்பாடு செய்தார்கள் என்பேன். கட்டுவிரியனையும், அதைப் போலவே இருக்கும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனையும் எப்படிப் பிரிப்பது என்று படம் போட்டுக் காட்டுவேன். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவே ஓடும் ஒரு வரிசைச் செதில் மட்டும் பெரிதாக அறுகோணமாக இருக்கும். பட்டைகள் கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்கு முதுகுச் செதில்கள் எல்லாம் ஒரே அளவு. பட்டைகள் கழுத்தில் தெளிவாகத் தொடங்கி வாலில் மங்கும். இரண்டின் தலைச் செதில்களிலும் வேறுபாடு உண்டு.

இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அதனால் எனக்குப் பாம்பு தெரியும் என்று குவார்ட்டர்ஸில் எல்லோரும் நினைத்தார்கள். எதை அடித்தாலும் குச்சியில் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வருவார்கள்.

3. தலையணைக்கு அடியில்

பாபு வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டு மழை நன்றாகப் பெய்து குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த ஏரி நிரம்பியிருந்தது. பாம்பு, தேள் எல்லாம் மேட்டுக்கு ஏறி வந்தன. கரண்ட் இல்லாததால் நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் கதவோரம் பாய் போட்டுப் படுத்திருந்தோம். எங்களுக்கு ஒரே பெண், கலைச்செல்வி. அப்போது ஆறாம் வகுப்பு.

விடிகிற நேரத்தில் அவள் என்னை எழுப்பினாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டாள். நன்றாக வெளிச்சம் வந்ததும் அவளைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டுப் பாயைச் சுருட்ட அவள் தலையணையை எடுத்தேன். அடியில் பாம்பு கிடந்தது. ஓடவில்லை. வெளிச்சத்துக்குப் பயந்ததுபோல் தலையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தது.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. அக்கம்பக்கம் எல்லாம் வந்துவிட்டார்கள். பாபு இரும்புக் கம்பியோடு ஓடிவந்தான். பாம்பை வாசலுக்குத் தள்ளித் தலையில் போட்டான். தலை தரையோடு தரையாகிற வரை போட்டான். கழுத்திலும் போட்டான். யாரோ மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிவிட்டார்கள்.

"கொளுத்திடுங்க. அடிச்சத வச்சிருந்தா ஜோடி தேடிக்கிட்டு வந்துரும்" என்றார் எதிர்வீட்டு திருநெல்வேலி அம்மா.

தீக்குச்சி விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய் வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றினேன். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்து அதைக் குச்சியால் புரட்டினேன். தலை இல்லை. கழுத்து கூழாகிவிட்டது. மீதி உடம்பு கரி பிடித்து எண்ணெயில் மினுங்கியது.

"இது எண்ணெ விரியன்லா" என்றார் எதிர்வீட்டு அம்மா.

"எட்டடி விரியனுங்க. கடிச்சா எட்டடி நடக்கறதுக்குள்ள ஆள் காலி" என்றார் கீழ்வீட்டு சேலத்துக்காரர்.

"ரெண்டும் இல்ல. வெள்ளிக்கோல் வரையன். விஷமே கிடையாது" என்றான் பாபு. அவன் குரலில் கொஞ்சமும் தயக்கம் இல்லை. "டீச்சர், நம்ம லேப்ல கட்டுவிரியன் எனக்கு மனப்பாடம். அது இந்தக் கலரே கிடையாது."

என் கணவர் கலையின் கை, கால், கழுத்து எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் தடம் இல்லை.

"பாபு படிச்ச பையன், சொல்றான்ல சாந்தா. கடிச்ச மாதிரியும் தெரியல. வயித்து வலிதான். நேத்து ஸ்கூல் வாசல்ல என்னத்தையாவது வாங்கித் தின்னிருப்பா."

அவர் அப்படி நினைக்க விரும்பினார். நானும் விரும்பினேன். ஆனால் கட்டுவிரியனின் பல் சிறியது, தடம் தெரியாமல் போகலாம், கடித்த இடத்தில் வலி இருக்காது, பல பேருக்கு வயிற்று வலியோடுதான் தொடங்கும், அப்புறம் இமை இறங்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவந்தவள் நான்.

ஈரத் துணியால் அதன் முதுகைத் துடைத்தேன். நடு வரிசைச் செதில் பெரிதாக இருப்பதுபோலத் தெரிந்தது. கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவாகத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். துடைத்த இடத்தில் கரி மறுபடி பரவியது. செதில் உண்மையிலேயே பெரிதாக இருக்கிறதா, இல்லை பயத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பார்க்கத்தான் முடியவில்லை.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை ஆண்டாகக் குச்சியில் கொண்டுவந்ததற்கெல்லாம் பெயர் சொன்னவள்.

"பாபு, எதை வச்சு வெள்ளிக்கோல்னு சொல்ற? காரணம் சொல்லு."

அவன் கம்பி முனையால் பாம்பை இப்படியும் அப்படியும் புரட்டினான்.

"எனக்குத் தெரியல" என்றேன். "இது கட்டுவிரியன் இல்லன்னு என்னால சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

"தெரியலன்னா அப்புறம் எதுக்கு..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"தெரியலங்கறதாலதாங்க. கிளம்புங்க."

4. பாடி வரை

குவார்ட்டர்ஸ் மருத்துவமனை டாக்டர் கலையின் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தாள். டாக்டரிடம் வணக்கம்கூடச் சொன்னாள்.

"என்ன பாம்புன்னு தெரியுமாம்மா?"

"தெரியல சார். நான் ஜுவாலஜி டீச்சர். கட்டுவிரியனா இருக்கலாம்."

"டீச்சருக்கே தெரியலன்னா, அப்ப கட்டுவிரியன்னே வச்சுக்குவோம்" என்று சொல்லி வேனை வரவழைத்துச் சென்னையில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவரை மனத்தில் கும்பிடுகிறேன்.

வேனில் நான், கணவர், பாபு. பாம்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டி பாபு மடியில் வைத்திருந்தான். அம்பத்தூரில் காலை ஷிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. டிரைவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் திருப்பத்தில் ஒரு பஸ் குறுக்கே நின்றது.

"இன்னாபா, ஊடு மாதிரி நடு ரோட்ல நிக்க வச்சிகினு கீற? உள்ள கொயந்த கீதுபா" என்று டிரைவர் தலையை வெளியே நீட்டினார். பஸ்காரர் பின்னால் எடுத்து வழிவிட்டார்.

பாடி பஸ் ஸ்டாப்பைத் தாண்டியபோது கலை, "அம்மா, ரெண்டு ரெண்டா தெரியுது" என்றாள்.

அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கம் வந்த குழந்தை போல. "மேல பாரு கண்ணு" என்றேன். அவள் மேலே பார்ப்பதற்கு மொத்தத் தலையையும் பின்னால் சாய்த்தாள். இமை ஏறவில்லை.

அந்த இடத்தில் எனக்குப் பாம்பின் பெயர் தெரிந்துவிட்டது. என் கணவருக்கும் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

5. பலூன்

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "தலை எங்கம்மா?" என்றார்.

"நசுக்கிட்டாங்க சார்."

"பரவாயில்ல. இவ இமையே சொல்லுது" என்று பையை மூடிக் கொடுத்துவிட்டார். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஆனாலும் விஷம் தன் வேலையைச் செய்துகொண்டே போனது. முதலில் குரல் மூக்கால் வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு கழுத்து நிற்கவில்லை. பிறகு மூச்சு. தொண்டையில் குழாய் வைத்தார்கள். மூச்சு மெஷின்கள் எல்லாம் வேறு பிள்ளைகளுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ரப்பர் பலூன் போன்ற ஒன்றைக் குழாயில் மாட்டி என் கையில் கொடுத்தார் ஒரு பெண் டாக்டர். மிகவும் இளையவர். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும்.

"நீங்க மூச்சு இழுக்கறப்ப அமுக்குங்க, விடறப்ப விடுங்க. நிறுத்தாதீங்க. கை வலிச்சா மாத்திக்கங்க. பயப்படாதீங்கம்மா, மருந்து வேலை செய்ய நேரம் ஆகும். அதுவரைக்கும் நாம மூச்சு விட்டுக் கொடுத்தா போதும்."

நானும் கணவரும் பாபுவும் மாறி மாறி அமுக்கினோம். மெஷின் வந்து சேரும்வரை அந்தப் பலூன் எங்கள் மூன்று பேர் கையில்தான் இருந்தது.

கலை அசையவில்லை. கிள்ளினால் பதில் இல்லை. கண் திறக்கவில்லை. தானாக மூச்சு விடவில்லை. நான் முதல் நாள் கரும்பலகையில் எழுதிய வரிசையில் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே போனதுபோல இருந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஒரு பெண், "உசுரு கீதா இல்லியான்னு கேட்டுக்கோமா, சும்மா அமுக்கிகினு கீறியே" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பார்ப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நர்ஸ் அவளை விரட்டிவிட்டு என்னிடம் சொன்னார். "காது கேக்கும்மா. எல்லாம் கேக்கும். அவளால சொல்லத்தான் முடியாது. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

என்ன பேசுவது? தைரியமாக இரு என்று சொல்லப் போனால் அழுகை வந்தது. பாட்டு எதுவும் வரவில்லை. பலூனை அமுக்கும் தாளத்துக்கு என் வாயில் வந்தது வகைப்பாட்டியல்தான். உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். அமுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. என் கணவரின் முறை வந்தபோது அவரும் அதையே சொன்னார். அவர் பத்தாவதோடு நிறுத்தியவர். என்னைக் கேட்டுக் கேட்டே அவருக்கு வந்துவிட்டது.

பாபுதான் அதிக நேரம் அமுக்கினான். கொடு என்றாலும் கொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் பலூனை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"டீச்சர், நான் அந்தப் பாம்பைப் பாத்ததே இல்ல."

"எந்தப் பாம்பை?"

"லேப்ல இருந்தத. மூடி உடைஞ்ச பாட்டிலத்தான் பாத்திருக்கேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு இப்ப யோசிச்சா மஞ்சளா ஏதோ கயிறு மாதிரிதான் ஞாபகம் வருது."

நான் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்குக்கூடக் கொஞ்சம் சக்தி வேண்டும். "அமுக்கு" என்று மட்டும் சொன்னேன்.

எத்தனை நாள் என்று எண்ணவில்லை. ஒரு காலையில் துணியால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது புருவம் லேசாகச் சுருங்கியது. அப்புறம் விரல். அப்புறம் இமைக்கு அடியில் ஒரு கோடு போல வெள்ளை தெரிந்தது. குழாயை எடுத்த பிறகு அவள் முதலில் பேசியது எங்கள் யாருக்கும் புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது.

"அப்பா வரிசைய விட்டுட்டு விட்டுட்டு சொன்னாரு."

6. பெயர் எழுதாத பாட்டில்

நீண்ட விடுப்புக்குப் பிறகு பள்ளிக்குப் போனேன். ஆய்வக அலமாரியில் புதிதாக ஒரு பாட்டில். உள்ளே தலை இல்லாத பாம்பு, ஒரு பக்கம் கரியாக. பாபு மறுநாளே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

முனுசாமி அண்ணன் துடைப்பதை நிறுத்திவிட்டு அருகே வந்தார். "தூக்கிப் போட்ரலாம்னுதான் பாத்தேன் டீச்சர். பாக்கவே புடிக்கல. அப்பால, நீங்க கேட்டா இன்னா சொல்றதுன்னு மருந்த ஊத்தி வச்சிகீறேன். பாப்பா எப்டி கீது?"

"நல்லா இருக்கா."

"இதுக்கு இன்னா பேரு எய்தட்டும்?"

அன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது. அவசரமும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முதுகின் நடு வரிசை, அறுகோணம், தெளிவாக இருந்தது. ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டேன்.

"பேர் எழுத வேண்டாம்ணே. எல்லாப் பாட்டிலையும் ஒரே மாதிரி மாத்திடுங்க. ஒரே மூடி, ஒரே அளவு."

"அப்ப பசங்க இன்னாத்த பாத்து எய்துவான்?"

"பாம்பைப் பாத்து."

"கஷ்டம்தான்" என்றார். ஆனால் மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு அவரும் யாருக்கும் அடையாளம் சொல்லவில்லை. உழவு லீவு மட்டும் மாறவில்லை.

வெள்ளிக்கோல் வரையன் ஏன் கட்டுவிரியன் மாதிரி இருக்கிறது என்று பரிணாமப் பாடத்தில் ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். அது வேண்டுமென்று வேஷம் போடவில்லை என்று சொல்வேன். எப்போதோ பிறந்தவற்றில் கொஞ்சம் அதைப் போல இருந்தவற்றைப் பார்த்துப் பகை விலங்குகள் ஒதுங்கிப் போயிருக்கும். அவை பிழைத்து முட்டையிட்டிருக்கும். அவற்றிலும் இன்னும் கொஞ்சம் ஒத்திருந்தவை அதிகம் பிழைத்திருக்கும். இப்படித் தலைமுறை தலைமுறையாக நடந்தது. தப்பாகப் பார்க்கிற கண்கள் இருக்கிறவரை அதற்கு லாபம். முன்பு இந்தப் பாடத்தை அழகான பாடம் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அழகுதான். நடத்தி முடித்ததும் மட்டும் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது.

உயிர் என்றால் என்ன என்ற பாடத்தை மட்டும் பழையபடி நடத்த முடியவில்லை. பண்புகளை எழுதுகிறேன், தேர்வுக்கு வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு குறைந்தால் அது உயிர் இல்லை என்று இப்போது சொல்வதில்லை. வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன். புத்தகத்தில் அந்த வரி இல்லை.

தலை நசுங்கிய பாம்பை அந்த ஆண்டு முதல் செய்முறைத் தேர்வில் ஸ்பாட்டராக வைக்கிறேன். ஓராண்டு பூந்தமல்லிப் பக்கத்தில் இருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளராக வந்தவர், "என்ன மேடம், தலையே இல்ல. பசங்க பாவம். வேற நல்லதா ஒண்ணு வைங்களேன்" என்றார். இருக்கட்டும் சார் என்றேன். விடைத்தாள் திருத்தும்போது ஒன்றை என்னிடம் நீட்டினார். நசரத்பேட்டையில் இருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவியுடையது. இப்படி எழுதியிருந்தாள்.

"உறுதியாகக் கூற இயலவில்லை. தலை இல்லை. முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரியவையாகத் தெரிகின்றன. எனவே கட்டுவிரியன் என்று கருதி நடந்துகொள்ள வேண்டும்."

"நடந்துகொள்ள வேண்டுமாம்" என்று அவர் சிரித்தார். "இனங்கண்டதுக்கு மார்க் போடறதா, இனங்காணலன்னு போடாம விடறதா?"

"முழு மார்க் போடுங்க சார்" என்றேன்.

என் குரலில் என்ன இருந்ததோ தெரியாது, போட்டுவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பெயர் சொல்லக் கற்றுக்கொடுங்கள். எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்கப் பழக்குங்கள். அதற்கும் மேலாக, தெரியவில்லை என்று நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டு உடனே அடுத்த காரியத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். அதற்கு நம் பாடத்தில் மதிப்பெண் இல்லை. நீங்களாகப் பார்த்துப் போட வேண்டியதுதான்.

கலை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த நாளைப் பற்றி அவளுக்குப் பயம் எதுவும் இல்லை. அவளுடைய பயத்தையும் சேர்த்து நான் வைத்திருக்கிறேன். பரீட்சை சமயத்தில் சரியாகத் தூங்காமல் காலையில் பாதிக் கண்ணோடு சமையலறை வாசலில் வந்து நிற்பாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவள் இமையைப் பார்ப்பேன். அவளுக்குத் தெரியும். நான் கேட்பதற்கு முன்பே மேலே பார்ப்பாள், கீழே பார்ப்பாள், கண்ணை அகலத் திறந்து காட்டுவாள்.

"அசையுறேன், மூச்சு விடுறேன், தூண்டலுக்குப் பதில் சொல்றேன். போதுமா டீச்சரம்மா? போய் தோசையத் திருப்பு, தீயுது."

போய்த் திருப்புவேன். திருப்பிவிட்டு வந்து இன்னொரு தடவை பார்ப்பேன்.